டிடிபி கடையில் விண்டோஸ் 10இலிருந்து லினக்ஸுக்கு: மென்பொருள், பிரிண்டர், நெட்வொர்க் எப்படி அமைப்பது?

காரைக்குடி_டிடிபி:

வணக்கம் நண்பர்களே. காரைக்குடியில் சின்னதாக டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நான்கு கணினிகள், எல்லாமே ஆறாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் கேட்கிறது. நன்றாக ஓடுகிற கணினியைப் பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை, அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடலாமா என்று யோசிக்கிறேன்.

மனு டைப் பண்ணுவது, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இதுதான் வேலை. பழைய பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) ஃபைல்கள் ஏகப்பட்டது இருக்கு, எல்லாம் பாமினி, வானவில் எழுத்துருக்களில். தம்பி பக்கத்துக் கடைகளுக்கு டாலியில் கணக்கு எழுதுகிறான். பிரிண்டர் இரண்டு: கேனான் எல்பிபி 2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020. எல்லாக் கணினியும் ஒரே ரூட்டரில், ஒன்றில் பொது ஃபோல்டர். இதையெல்லாம் உடைக்காமல் மாற முடியுமா?

வேம்பு_நிழல்:

முடியும், ஆனால் நான்கையும் மாற்றாதீர்கள். மூன்றை மாற்றுங்கள், ஒன்று விண்டோஸாகவே இருக்கட்டும். டாலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனில் ஓட்டிப் பார்க்கலாம்தான், ஆனால் ஜிஎஸ்டி தாக்கல் கடைசி நாளில் அது திறக்காமல் போனால் தம்பி யாரிடம் போய் நிற்பார்? டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பேஜ்மேக்கர், அந்த எல்பிபி 2900 மூன்றையும் அதே விண்டோஸ் கணினியில் விட்டுவிடுங்கள். அதற்கு 2026 அக்டோபர் வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். அதற்குள் எட்டாம் தலைமுறைக்கு மேல் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கிவிட்டால் போதும்.

லினக்ஸ் பக்கம் மனு, கடிதத்துக்கு லிப்ரே ஆபிஸ் தாராளம். போட்டோவுக்கு கிம்ப். போஸ்டருக்கு இங்க்ஸ்கேப், கோரல்டிரா ஃபைலையும் ஓரளவு திறக்கும். பத்திரிகை வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், ஆனால் 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும், பழைய 1.4இல் தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பேஜ்மேக்கர் ஃபைலை அது உள்ளே இழுக்கும் என்றாலும் நீங்கள் அமைத்தபடியே வரும் என்று நம்பி ஆர்டர் எடுக்காதீர்கள்.

எதையும் அழிப்பதற்கு முன்னால் மின்ட்டை பென்டிரைவிலிருந்து ஓட்டி உங்கள் வேலையைச் செய்து பாருங்கள். வைஃபை வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம். சில பிராட்காம் சிப்புகளுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும், போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டு இறக்கிக்கொள்ளலாம்.

எழுத்தாணி:

மேலே சொன்னது சரி, ஆனால் உங்கள் கடைக்கு உண்மையான பிரச்சினை எழுத்துதான். பாமினியும் வானவில்லும் யுனிகோடு இல்லை, அதாவது எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியீடு இல்லை. அந்த ஃபைலுக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துக்கான எண்கள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துருவின் டிடிஎஃப் ஃபைலை லினக்ஸில் போட்டால் பழைய வேர்டு ஃபைல் தமிழாகத் தெரியும், ஆனால் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்டினால் கிறுக்கலாக வரும். தமிழக அரசு 2010லேயே யுனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, இனிமேல் அடிக்கிற மனுவாவது யுனிகோடில் இருக்கட்டும். திரும்பத் திரும்பக் கேட்கிற பத்திரிகை வாசகங்களை மட்டும் முதலில் மாற்றுங்கள். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றியதும் ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள், கல்யாணப் பத்திரிகையில் பெயர் பிழையானால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

அப்புறம் விசைப்பலகை. மின்ட்டின் லேஅவுட் பட்டியலிலேயே தமிழ்99 இருக்கும், ஆனால் அது ஒரு விசைக்கு ஓர் எழுத்தை மட்டும் தரும், தானாகப் புள்ளி வைக்காது. ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளும் அதற்கான எம்17என் என்ற பன்மொழி லேஅவுட் தொகுப்பும் நிறுவினால் முழு தமிழ்99 கிடைக்கும். பழைய டைப்ரைட்டர் முறையில் அடிக்கிற ஆள் கடையில் இருந்தால் அந்த லேஅவுட்டும் அதிலேயே உண்டு. என்ஹெச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான். லதா, நிர்மலா எழுத்துருக்களும் விண்டோஸோடு வருபவை, அவற்றில் அடித்த ஃபைலை இங்கே திறந்தால் வேறு எழுத்துரு ஏறி வரிகள் நகரும், பக்கம் கூடும். அதனால் எல்லாக் கணினியிலும் நோட்டோ தமிழ் போட்டு அதிலேயே அடியுங்கள், அது இலவசம்.

ரூட்டர்_ராசா:

நெட்வொர்க் நான் சொல்கிறேன் அண்ணே. முதலில் ரூட்டருக்குள் போய் விண்டோஸ் கணினிக்கும் ஃபோல்டர் வைக்கிற கணினிக்கும் ஐபியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள், 192.168.1.10 மாதிரி. நெட்வொர்க்கைத் திறந்ததும் எல்லாக் கணினியும் வரிசையாகத் தெரிந்த காலம் ஃபோல்டரைப் பகிரும் முறையான எஸ்எம்பியின் முதல் பதிப்போடு போய்விட்டது. விண்டோஸ் 10இல் 2017இன் இறுதியிலிருந்தே அது புதிதாக நிறுவும்போது வராது, லினக்ஸில் அந்தப் பகிர்வைச் செய்யும் சாம்பா மென்பொருளும் 4.11இலிருந்து அதை அணைத்தே தருகிறது. சில இடங்களில் அதைத் திரும்ப இயக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், 2017இல் வானாகிரை வைரஸ் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். ஐபியை நேராகத் தட்டித் திறந்து புக்மார்க் போட்டுக்கொண்டால் முடிந்தது.

பாஸ்வேர்டு இல்லாத ஷேரும் வேண்டாம். விண்டோஸ் 11 ப்ரோ 24ஹெச்2 பதிப்பு வாங்கினால் அது தானாகவே கெஸ்ட் ஷேரை மறுக்கும். சாம்பாவில் ‘kadai’ என்று ஒரு பயனரை உண்டாக்கி, தனியாக சாம்பா பாஸ்வேர்டும் கொடுங்கள். லாகின் பாஸ்வேர்டு வேறு, அது வேறு, பலர் சிக்குவது இங்கேதான். மின்ட்டில் ஃபயர்வாலை இயக்கினால் சாம்பாவுக்கு அனுமதி கொடுக்க மறக்காதீர்கள்.

ஹெச்பி 1020க்கு ஹெச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பைப் போட்டு அதன் பிளக்இன்னையும் இறக்கினால் லினக்ஸிலேயே ஓடும், பிளக்இன் இறக்க இணையம் வேண்டும். எல்பிபி 2900 கேப்ட் என்ற தனி முறையில் பேசுவது, லினக்ஸில் அதைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. விண்டோஸில் ஷேர் செய்தாலும் லினக்ஸ் பக்கம் டிரைவர் கேட்கும். பிடிஎஃப் ஆக்கிப் பொது ஃபோல்டரில் போடுங்கள், விண்டோஸ் கணினியிலிருந்து பிரிண்ட் கொடுங்கள். எழுத்துரு பிடிஎஃபுக்குள்ளேயே போய்விடும், தமிழும் கெடாது.

காரைக்குடி_டிடிபி:

ரொம்ப நன்றி. முன்பக்கக் கணினி ஒன்றில் மட்டும் முதலில் போடப் போகிறேன். அதில் கொஞ்ச நாளைக்கு விண்டோஸும் கூடவே இருக்கட்டும் என்று நினைக்கிறேன், பரவாயில்லையா?

ரூட்டர்_ராசா:

இருக்கட்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் டிரைவ் லினக்ஸில் படிக்க மட்டும் திறக்கும், சேமிக்க விடாது. டிரைவைப் பூட்டும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்து மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டுக்கும் மாறி மாறிப் போகும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் பேட்டரி போச்சு என்று மாற்றாதீர்கள், லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தின் நேரத்தை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் உள்ளூர் நேரம் என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.