தரவைக்குக் காசா, பசுவுக்குக் காசா?

தீவான்:
வணக்கம் உறவுகளே. கால்நடைக்கென்று ஊர்ச்சங்கம் சேர்த்த காசை என்ன செய்வது என்று போன கூட்டத்தில் முடிவாகவில்லை. 12 குடும்பங்களுக்குக் கலப்பினப் பசு வாங்கிக் கொடுப்போம் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காசை ஐந்து வருடத்துக்குப் பிரித்து ஊர்த் தரவைக்கு, அதாவது எல்லோரும் மாடு ஆடு மேய்க்கிற பொது வெளிக்குக் கொடுப்போம். கேணியைத் தூர்வார வேண்டும், எல்லை போட வேண்டும், கால்வாசித் தரவையை மாரி தொடங்கித் தை வரை அடைத்து வைக்க வேண்டும். யாழ். பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில்தான் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு மாணவர்கள் வந்து புல்லை அளந்து எழுத, போக்குவரத்துச் செலவைக் கொடுப்போம். 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. எங்கள் ஊரில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

நாலு மாட்டுக்காரி:
அண்ணை, நான் தினமும் சாணம் அள்ளுகிறவள். பிள்ளையின் ரியூசன் காசு பாலில்தான் வருகிறது. மாணவர் எழுதுகிற கொப்பி என் மாட்டின் வயிற்றை நிரப்பாது. முன்னர் ஒரு திட்டக்காரர் வந்து தரவையில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்தார்கள். அந்தக் கோடைக்கே ஒன்றும் மிஞ்சவில்லை. திரும்பிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. பசு கொடுத்தால் அடுத்த மாதமே வீட்டில் காசு புழங்கும்.

தீவான்:
தங்கச்சி, அந்தக் கோபம் நியாயம். ஆனால் 12 பசு வந்தால் எதைத் தின்னும்? 250 கிலோ மாடு ஒன்றுக்கே நாளுக்கு ஆறேழு கிலோ உலர்தீனி வேண்டும். கலப்பினம் இன்னும் கூடக் கேட்கும். போன ஆவணி நடுமத்தியானம் தரவைக்குப் போனேன். புல் பாய் விரித்த மாதிரி நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. இடையிடையே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கேணிக் கரையில் ஒரு நாம்பன், இளங்காளை, ஈரச் சேற்றை நக்கிக்கொண்டு நின்றது. அங்கே ஒரு பழைய கிணற்றைச் சுற்றி யாரோ முள்கம்பி அடித்திருக்கிறார்கள். கம்பிக்குள்ளே அந்தக் கோடையிலும் அறுகு கணுக்கால் மறைய நின்றது. வெளியே விரல் நகத்தளவும் இல்லை. மண் ஒன்று, மழையும் ஒன்று. மாடு வாய் வைத்ததும் வைக்காததும்தான் வித்தியாசம்.

புல் மூடியிருந்தால் நிலம் வெயிலில் நேரே காயாது. வெறுநிலமானால் கீழே கிடக்கிற உவர்நீர் மேலே ஏறி ஆவியாகும், உப்பு மட்டும் தங்கிவிடும். பிறகு அந்த இடத்தில் உப்பு நிலத்துச் செடியான உமரிதான் முளைக்கும்.

கணக்கன்:
வீட்டுக்கு ஒரு பரப்பில் கோ-3 என்கிற தீவனப் புல்லை நடலாமே? தரவையை நம்புகிற காலம் போய்விட்டது. கட்டிவைத்து வளர்த்தால் கட்டாக்காலித் தொல்லையும் இல்லை, தெருவில் விபத்தும் குறையும்.

தீவான்:
தண்ணீர்? எங்கள் தீவில் நிலத்தடி நன்னீர் உவர்நீருக்கு மேலே மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. கோ-3க்கு வருடம் முழுக்க மோட்டர் போட்டு இறைத்தால் பக்கத்து வீட்டுக் குடிகிணறும் உவராகிவிடும். தரவைப் புல்லுக்கு மாரி மழையே போதும்.

நாலு மாட்டுக்காரி:
தண்ணீர்க் கதை சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் மாடு வளர்க்காத ஆள் என்பது ஓரிடத்தில் தெரிகிறது. மாரியில் தரவையை அடைக்கச் சொல்கிறீர்கள். மாரியில்தான் வயல் விதைத்திருக்கும், மாட்டை அந்தப் பக்கம் விட ஏலாது. ஊர் மாடு முழுக்கத் தரவையில்தான் நிற்கும். அந்த நேரம் கால்வாசியை மறித்தால் நான் எங்கே கொண்டு போய்க் கட்ட? பக்கத்துக் காணியில் இருக்கிற ஒரு ஆச்சிக்குச் சொந்த நிலமே இல்லை. ஐந்து ஆட்டையும் தரவையில்தான் மேய்க்கிறா. கம்பி வேலி முதலில் தடுப்பது அவவைத்தான்.

தீவான்:
அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் மழை கண்டு புல் விதை கட்டுவதும் அந்த நேரம்தான். மற்றக் காலத்தில் அடைத்துப் பிரயோசனம் குறைவு. மாசியில் வயல் வெட்டியதும் வைக்கோல் மலிவு. சங்கக் காசில் அப்போதே வாங்கி அடுக்கி வைத்து, அடைத்த மாதங்களுக்குக் கொடுத்தால்? எந்தத் துண்டை அடைப்பது என்பதை மாடு ஆடு வைத்திருப்பவர்களே முடிவு செய்யட்டும், ஆச்சியும் சேர்ந்து.

கிழக்கான்:
நான் மட்டக்களப்பு. மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக 2023 புரட்டாதியில் போராட்டம் தொடங்கினார்கள். அங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன்: எல்லை காகிதத்தில் இல்லாத தரவைக்கு வேலி போட்டும் பலனில்லை. முதல் செலவு நில அளவைக்கு. பிரதேச செயலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். பிறகு புல்லை அளக்கலாம்.

கணக்கன்:
ஐந்து வருடம் காசைப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பதை இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன். காசு தந்தவர்கள் கேட்டால் எதைக் காட்டுவது?

தீவான்:
கம்பிக்குள்ளே ஒரு மீற்றர் சதுரம், வெளியே ஒரு மீற்றர் சதுரம். இரண்டிலும் வெட்டிய புல்லைக் காயவைத்து நிறுத்த கணக்கை, வருடா வருடம் காட்டுவோம்.

நாலு மாட்டுக்காரி:
வைக்கோல் என் கைக்கு வரட்டும், பிறகு பார்ப்போம். எல்லைக்கல் எங்கே நின்றது என்று எங்கள் அப்புவுக்குத் தெரியும். ஞாயிறு காலை வாருங்கள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்கிறேன்.