குன்னூரில் கடல்மீன் தொட்டி: மணல் போடுவதா, வெறும் கண்ணாடியா?

தேயிலைமேடு:
குன்னூர் வீட்டில் மூன்றடித் தொட்டி வைக்கிறேன். நீளம் 90 செ.மீ., அகலம் 45. முதலில் ஒரு ஜோடி கிளவுன் மீன், அப்புறம் மஞ்சள் ராஸ் மீன் ஒன்று. மலைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தே இல்லை, அரகோனைட் மணல் போட்டால்தான் பி.எச். (அமில-கார அளவு) நிற்கும் என்கிறார் கோயம்புத்தூர் கடைக்காரர். சரிதானா?

வெறுந்தரை:
வியாபாரப் பேச்சு. கீழ்நாட்டில் ஆர்.ஓ. வைத்து வடிகட்டித்தான் இப்படி ஒரு தண்ணீரை எடுக்கிறார்கள். காரத்தன்மை, கடல்நீராக்கப் போடும் உப்புக் கலவையிலேயே வந்துவிடும். அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட். பி.எச். 8.1, 8.2-இல் இருக்கும்வரை அது கரையாமல் சும்மாதான் கிடக்கும். மணலே வேண்டாம். வேவ் மேக்கரை, அதாவது அலை எழுப்பும் மோட்டாரை, திருப்பி வைத்தால் கழிவு ஒரு மூலையில் ஒதுங்கும், சைபன் போட்டு எடுத்துவிடலாம்.

கோத்தகிரி அலை:
பி.எச். விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அவர் ராஸ் என்கிறாரே, அதைக் கவனித்தீர்களா? மஞ்சள் ராஸ் ராத்திரி மணலுக்குள் புதைந்துதான் தூங்கும். பயந்தாலும் அங்கேதான் பாயும். வெறும் கண்ணாடியில் பாய்ந்தால் வாய்தான் உடையும்.

வெறுந்தரை:
ஒரு டப்பாவில் மணல் நிரப்பி மூலையில் வையுங்கள். பலர் அப்படித்தான் வளர்க்கிறார்கள்.

கோத்தகிரி அலை:
தூங்கப் போக டப்பா போதும். மிரண்ட மீன் டப்பா எங்கே என்று தேடிக்கொண்டா இருக்கும்?

பவானிக்கரை:
ஆற்று மணலைக் கழுவிப் போட்டால் காசு மிச்சம். ராமேஸ்வரம் பக்கம் போனால் நாலு பவளத் துண்டும் எடுத்து வரலாம்.

கோத்தகிரி அலை:
பவளத்தைத் தொடாதீர்கள் ஐயா! 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. செத்த துண்டு என்று சொல்லித் தப்ப முடியாது. ஆற்று மணலில் குவார்ட்ஸ் மட்டும் என்றால் கெடுதல் இல்லை. கூட என்ன வருகிறது என்பதுதான் தெரியாது. காந்தத்தை விட்டுப் பாருங்கள், கறுப்பாக ஒட்டினால் இரும்புத் தாது.

தேயிலைமேடு:
அப்போ அரகோனைட்டும் பவளம்தானே?

கோத்தகிரி அலை:
எல்லாம் இல்லை. பஹாமாஸ் ஊலைட் மணல், ஆழமில்லாத கடலில் சுண்ணாம்பு படிந்து படிந்து தானாக உருண்டது. பவள நொறுக்கு வேறு சரக்கு. அந்தப் பெரிய இடுக்குகளில் கழிவு போய் உட்கார்ந்துகொள்ளும், அதை நானும் வேண்டாம் என்பேன்.

கொடை மூடுபனி:
போடுவதுதான் போடுகிறீர்கள், 12 செ.மீ. ஆழம் போடுங்கள். அடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா, மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும்.

வெறுந்தரை:
மலையில் இருந்துகொண்டா இதைச் சொல்கிறீர்கள்? குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே. காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. மழைக்காலத்தில் மரம் விழுந்து நாள் முழுக்க கரண்ட் போகிறது. மணலில் வாழும் புழுவும் பாக்டீரியாவும் மீனோடு போட்டி போட்டு அந்த ஆக்சிஜனைத்தான் எடுக்கும். 12 செ.மீ. மணலின் எடையும் 70 கிலோவுக்கு மேல் வரும். பழைய வீடு, பலகைத் தரை என்றால் அதையும் யோசியுங்கள்.

கொடை மூடுபனி:
பேட்டரி ஏர் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. வெறுங்கண்ணாடித் தொட்டிக்கும் அது வேண்டும். அதோடு ஜனவரி ராத்திரி ஹீட்டர் நின்றால் குளிர்தான் முதலில் அடிக்கும். தெர்மோகோல் சுற்றி வையுங்கள்.

கோத்தகிரி அலை:
பி.எச். இங்கே இறங்குவதற்கு வேறு காரணம் உண்டு. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி வைக்கிறோம், நாம் விடும் கார்பன் டை ஆக்சைடு முழுக்க அறைக்குள்ளேயே நின்று தண்ணீரில் கரைகிறது. ஸ்கிம்மரின் (நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி) காற்றுக்குழாயை ஜன்னலுக்கு வெளியே விடுங்கள்.

தேயிலைமேடு:
ராஸை விட மனசில்லை. 5 செ.மீ. போடுகிறேன். எந்த அளவு மணல்?

வெறுந்தரை:
உங்கள் இஷ்டம். ஆறு மாதம் கழித்து நைட்ரேட் எவ்வளவு என்று இங்கே போடுங்கள்.

கோத்தகிரி அலை:
1 முதல் 2 மி.மீ. வாங்குங்கள், சுமார் 30 கிலோ ஆகும். அதைவிட நைஸ் என்றால் வேவ் மேக்கர் கிளப்பிவிடும். கல்லை முதலில் கண்ணாடி மேல் நிற்க வைத்து, சுற்றி மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் கல் வைத்தால் மீன் தோண்டும்போது சரியும்.