வீதியில் சைக்கிளோடும் தங்கைக்கு ஓடுதளம் இல்லாதது பெருங்குறையா? மரியான் வோஸை முன்வைத்து ஒரு கேள்வி

கேள்வி (கல்லடி, மட்டக்களப்பு)

அனைவருக்கும் வணக்கம். பதினேழு வயதான என் தங்கை பாடசாலை மட்டச் சைக்கிளோட்டப் போட்டிகளில் பங்குபற்றுகிறாள். விடியற்காலையில் கல்லடிப் பாலத்தடியில் தொடங்கிக் களுவாஞ்சிகுடி வரை சென்று திரும்புவது அவளது வழக்கம். நெதர்லாந்தின் சைக்கிளோட்ட வீராங்கனை மரியான் வோஸ் என்றால் அவளுக்கு உயிர். அவர் 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஓடுதளத்திலும் (சைக்கிளோட்டத்துக்கென்றே அமைத்த சுற்றுப்பாதை) 2012இல் லண்டனில் வீதியிலும் தங்கம் வென்றவர் என்று அறிந்த நாளிலிருந்து, ஓடுதளமே இல்லாத மாவட்டத்தில் பிறந்த தான் எப்படி முன்னுக்கு வருவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஓடுதளத்தில் கற்றது வோஸுக்கு வீதியில் எவ்வாறு உதவியது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பதில் (அக்கரைப்பற்று)

சகோதரிக்கு வணக்கம். பெய்ஜிங்கில் வோஸ் வென்றது புள்ளிப் போட்டி. 250 மீற்றர் ஓடுதளத்தை 100 முறை சுற்ற வேண்டும். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை கோட்டை முதலில் கடக்கும் நால்வருக்கு 5, 3, 2, 1 என்று புள்ளிகள் கிடைக்கும். முழுக் கூட்டத்தையும் ஒரு சுற்று முந்தினால் 20 புள்ளிகள். வோஸ் 30 புள்ளிகள் பெற்றார், இரண்டாவதாக வந்த கியூபா வீராங்கனைக்குக் கிடைத்தவை 18. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாய்ச்சல் வந்துவிடுகின்ற இப்போட்டியில், யார் களைத்துவிட்டார், யார் நடிக்கிறார் என்பதை ஓடிக்கொண்டே கணிக்க வேண்டும்.

ஓடுதள வண்டிக்குப் பிறேக்கும் இல்லை, கியர் மாற்றமும் இல்லை. பின்சில்லு சுழலும்வரை பெடலும் சுழலும். கால் ஒரு கணம் ஓய நினைத்தால் வண்டி அந்தக் காலையே தூக்கியடிக்கும். இதனால் மிதி சீராகிறது. லண்டன் வீதிப் போட்டியை அன்றிரவு எட்டு மணியளவில் தொலைக்காட்சியில் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. கொட்டிய மழையில் ஏறக்குறைய 140 கிலோமீற்றர் ஓடி வந்து, கடைசிப் பாய்ச்சலில் பிரித்தானியாவின் ஆர்மிட்ஸ்டெட்டைப் பின்தள்ளியபோது, பெய்ஜிங்கில் பழகிய கால்களைத்தான் நான் கண்டேன்.

பதில் (களுவாஞ்சிகுடி)

அண்ணா கூறுவதை மதிக்கிறேன், ஆனால் முழுவதும் ஏற்க முடியவில்லை. வோஸ் 2006இல், தமது 19ஆவது வயதிலேயே, வீதி உலகச் சம்பியன். அதே ஆண்டில் சேற்றிலும் மணலிலும் ஓடும் சைக்ளோகுரொஸ்ஸிலும் உலகச் சம்பியன். பெய்ஜிங் தங்கம் அதன் பின்னர் வந்தது. அதுமட்டுமன்றி, 2007 முதல் 2011 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வீதி உலகப் போட்டியில் இரண்டாமிடத்தையே அவர் பெற்றார். 2008இலிருந்து ஓடுதளத் தங்கம் கையில் இருந்தும் வெள்ளிதான் கிடைத்தது. ஐந்து முறை அப்படித் தோற்றும் ஆறாவது ஆண்டு திரும்பி வந்து வென்றாரே, தங்கச்சி கற்க வேண்டியது அந்த மனத்தைத்தான்.

ஓடுதளம் இல்லையென்று கலங்க வேண்டாம். பஸ்கள் தொடங்குமுன், தோழியர் மூவரைச் சேர்த்துக்கொண்டு, முன்னே செல்பவரின் பின்சில்லுக்கு ஒரு முழத்தில் ஓடப் பழகட்டும். கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும் நாட்களில் எந்தப் பக்கம் ஒதுங்கினால் காற்று படாது என்பதை அப்போதுதான் உடல் அறியும். ஒவ்வொரு மதகிலும் ஒரு பாய்ச்சல் வைத்து, முடிந்ததும் கால் ஓயாமல் மீண்டும் வரிசையில் சேரட்டும். புள்ளிப் போட்டியின் சாரம் அதுவே. ஆனால் நாள்தோறும் வேண்டாம். அளவு மீறிய பயிற்சியாலும் காயத்தாலும் வோஸே 2015 பருவத்தைப் பெரும்பாலும் இழந்தார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை தோழியர் இருவருடன் மதகுக்கு மதகு பாய்ந்து பார்த்திருக்கிறாள். வாசலில் வண்டியைச் சாத்தியதும் சொன்னாள்: “அக்கா, பாயிறது லேசு. பாய்ஞ்சி முடிச்ச கையோட அவளுகள்ற பின்சில்லப் புடிக்கிறதுதான் கஷ்டம்.” நாளை ஓய்வு, மறுநாள் மீண்டும் செல்வதாக இருக்கிறாள்.