அம்மாவின் மனச்சோர்வு: தமிழில் பேசும் ஆலோசகர் தேவை

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தைப்பூசத்துக்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். பசியாற எழுந்து வருவதில்லை, விடியற்காலை 3 மணிக்கே விழித்துக்கொள்கிறார், வாசலில் இருக்கும் செம்பருத்திக்குக்கூடத் தண்ணீர் ஊற்றுவதில்லை.

வல்லாரை, அமுக்கரா லேகியம் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம், மாற்றமில்லை. அக்கா இணையத்தில் வாங்கிய செயின்ட் ஜான்ஸ் வோர்ட் (மனச்சோர்வுக்கென்று விற்கும் மூலிகை) மாத்திரை டப்பாவில், மலேசியாவில் பதிவான மருந்துகளுக்குத் தரும் எம்.ஏ.எல். பதிவு எண்ணே இல்லை. அம்மா ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுக்கிறார். அதன் வேலையை இந்த மூலிகை குறைத்துவிடும் என்று மருந்தாளர் சொன்னதும் மூலிகை மாத்திரையை நிறுத்திவிட்டோம். அரசாங்க கிளினிக்கில் டாக்டர் மலாயில் கேட்டார். எல்லாவற்றுக்கும் "ஓகே, ஓகே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் அம்மா. என்னத்தைச் சொல்ல!

ஈப்போ, கோலகங்சார் வட்டாரத்தில் தமிழில் பேசும் பெண் மனநல ஆலோசகர் யாரையாவது தெரியுமா?