யன்னல் கண்ணாடியில் ஈரம், மங்கல், வெடிப்பு: பொறுப்பேற்குமுன் தொட்டுப் பாருங்கள்

கேள்வி (புதுக்குடியிருப்பிலிருந்து இங்கிலாந்து போய் முதல் குளிர்காலத்தைக் காணும் தம்பி):

அண்ணா, வாடகை வீட்டில் படுக்கையறை யன்னல் முழுக்க விடியற்காலையில் நீர் கோத்து நிற்கிறது. பின்னறை யன்னலில் வெண்மையான மங்கல். எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. நாங்கள் சமைக்கிற விதம்தான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர். யன்னல் மாற்றும் செலவை வைப்புப் பணத்தில் கழிக்கப் போகிறாராம். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டுமா?

பதில் (கிளிநொச்சி):

தம்பி, எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். ஒரு சதம் தருவதாக வாயாலும் சொல்லாதீர்கள். நான் இங்கிலாந்தில் பல காலம் யன்னல் பொருத்தும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். வன்னியிலிருந்து போகிற பிள்ளைகள், மொழியும் சட்டமும் பிடிபடாத முதல் ஆண்டில் இப்படிப் பணத்தை இழப்பதைக் கேட்டால் வயிறு எரிகிறது.

நீங்கள் எழுதியவை ஒரே கோளாறு அல்ல. முதலில் ஈரம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அறைக்குள் நின்று விரலால் கண்ணாடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு விழுந்தால் ஈரம் உட்பக்கம். விழாவிட்டால் வெளியே போய் அங்கேயும் இழுங்கள். இரண்டு பக்கமும் விரல் காய்ந்தபடி வந்து, மங்கல் அசையாமல் நின்றால், ஈரம், அந்த யன்னலில் சேர்த்து ஒட்டியிருக்கும் இரு கண்ணாடிகளுக்கும் நடுவில் இருக்கிறது. உங்கள் பின்னறை யன்னல் அந்த வகை.

இரட்டைக் கண்ணாடி தொழிற்சாலையிலேயே ஒட்டி மூடப்பட்டு வருவது. பொதுவாக 4 மில்லிமீற்றர் கண்ணாடி இரண்டு. நடுவில் 16 அல்லது 20 மில்லிமீற்றர் இடைவெளி. அதற்குள் பெரும்பாலும் சூட்டை இலகுவில் கடத்தாத ஆர்கன் வாயு. இடைவெளியின் ஓரம் சுற்றி ஒரு மெல்லிய சட்டம் ஓடுகிறது. அதன் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள் நிரப்பியிருப்பார்கள். வெளியே இரண்டு அடுக்குப் பசை. பசை விட்டுப்போனால் வெளியீரம் மெல்ல நுழையும். மணிகள் உறிஞ்சுகிறவரை உறிஞ்சும். இனி முடியாது என்ற நிலையில் கண்ணாடியின் உள்முகம் மங்கும். தொடக்கத்தில் குளிர்ந்த காலையில் தோன்றி வெயிலில் மறையும். நாட்பட நாட்பட நிரந்தரமாகி, நீர் வற்றிய இடங்களில் வெள்ளைக் கறை படியும். பசை நன்றாக இருந்தால், நீங்கள் நாள் முழுக்கப் புட்டு அவித்தாலும் அந்த இடைவெளிக்குள் ஆவி போகாது. பசை முதுமையாலும் வெயிலாலும், அடியில் நீர் தேங்குவதாலும் கெடுகிறது.

இதற்கு யன்னல் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. சட்டகம் நன்றாக இருந்தால் கண்ணாடித் தொகுதியை மட்டும் கழற்றிப் புதியது போடலாம். கண்ணாடியில் துளையிட்டு ஈரத்தை உலர்த்தித் தருவதாகச் சிலர் வருவார்கள். மங்கல் போகலாம், போன ஆர்கன் வாயு திரும்பாது. அதற்குக் காசு செலவழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். டோர்ச் அடித்து ஓரச் சட்டத்தைப் பாருங்கள்: பல தொகுதிகளில் செய்த ஆண்டும் நிறுவனப் பெயரும் அச்சிட்டிருக்கும். நீங்கள் குடிபுகுந்ததற்குப் பல ஆண்டுகள் முந்திய திகதியானால், பழைய தொகுதி தானாகத் தளர்ந்தது என்று எழுத அது வலுவான துணை. அதைப் படம் எடுத்து, மங்கலையும் படம் எடுத்து, மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசி விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் வைப்புப் பணத்தை வீட்டுக்காரர் 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டமொன்றில் பதிய வேண்டும். பிணக்கு வந்தால் அந்தத் திட்டத்திடமே இலவசமாக முறையிடலாம்.

படுக்கையறையில் நிற்பது வேறு. அது அறைக்காற்றின் ஈரம். இரவில் மூடிய அறையில் மூச்சு, குசினி ஆவி, ஹீட்டரில் காயப்போட்ட உடுப்பு எல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் வந்து நீராகின்றன. ஊரில் யன்னலுக்கு மேலே ஓட்டை வைத்த சீமெந்துக் கல் பதிக்கிறோம். யன்னலைச் சாத்தினாலும் காற்று போய்வரும். அங்கே அந்த வேலையைச் செய்வது சட்டகத்தின் மேல் விளிம்பில் உள்ள நீண்ட சிறு திறப்பு. குளிர் என்று நம்மவர்கள் முதலில் மூடுவதும் அதைத்தான். அதைத் திறந்தே வையுங்கள். சமைக்கும்போது குசினிக் கதவைச் சாத்தி விசிறியைப் போடுங்கள். விடிய எழுந்து கண்ணாடியையும் கீழ் விளிம்பையும் துணியால் ஒற்றி எடுங்கள். விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரப்பதமானி மலிவாகக் கிடைக்கும். 40 முதல் 60 வீதத்துக்குள் இருந்தால் நல்லது. இத்தனையும் செய்த பிறகும் சுவரில் ஈரம் ஊறினால் அதை எழுத்தில் அறிவியுங்கள்: அது கட்டடத்தின் குறையாகவும் இருக்கலாம்.

வெளிப்பக்கத்தில் பனி படிந்தால் கவலையே வேண்டாம். வீட்டுச் சூடு வெளியே கசியாததால் வெளிக்கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. அந்த யன்னல் நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி (வவுனியாவிலிருந்து ஒரு தாய்):

தம்பி, மகள் கனடாவில் புது வீடு வாங்கியிருக்கிறாள். கண்ணாடியில் வானவில் நிறத்தில் கோடுகள் தெரிகின்றன என்று வீடியோவில் காட்டினாள். குளிர் நாட்களில் வட்ட வட்டமான அடையாளங்களும் வருகின்றனவாம். ஏமாற்றிவிட்டார்களோ?

பதில்:

அம்மா, பயப்படாதீர்கள். இரண்டு கண்ணாடிகளும் ஏறத்தாழ ஒரே தடிப்பாக இருந்தால் ஒளி அவற்றுக்கிடையே தெறித்து அப்படி நிறம் காட்டும். ஸ்கொட்லாந்து அறிவியலாளர் டேவிட் புரூஸ்டரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். மகளை ஒரு கண்ணாடியை உள்ளங்கையால் மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். கோடுகள் நகர்ந்தால் அதுதான், குறையல்ல. ஆனால் நிற வளையங்கள் கண்ணாடியின் நட்டநடுவில் மட்டும் நின்று, கண்ணாடி உட்குழிந்தும் தெரிந்தால், இரு கண்ணாடிகளும் நடுவில் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு வந்துவிட்டன. அதை விற்றவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வட்டங்கள் தொழிற்சாலையில் கண்ணாடியைத் தூக்கிய உறிஞ்சு கிண்ணங்களின் தடம். ஈரம் படியும்போது மட்டும் தெரியும், காய்ந்தால் மறையும்.

கீறல் இருந்தால் மூக்கைக் கண்ணாடியில் வைத்துத் தேடாதீர்கள். பிரித்தானியத் தொழில் வழக்கில் பகல் வெளிச்சத்தில், 2 மீற்றர் தள்ளி நின்று பார்ப்பார்கள். கடினமாக்கிய கண்ணாடிக்கு (சூடாக்கிச் சடுதியாகக் குளிரவைத்து வலுவாக்கியது) 3 மீற்றர். அங்கிருந்து தெரியாதது குறையாக எடுக்கப்படாது.

கேள்வி (லண்டன், சொந்த ஊர் மாங்குளம்):

ஒருவரும் தொடாமல் கண்ணாடி வெடித்துவிட்டது. நம்ப மறுக்கிறார்கள்.

பதில்:

வெடிப்பே சாட்சி சொல்லும். ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் கிளம்பினால் ஏதோ பட்டிருக்கிறது. ஓரத்தில் செங்குத்தாகத் தொடங்கி உள்ளே வந்ததும் வளைந்து அலைந்தால் சூட்டு வேறுபாடு: பாதியில் வெயில், பாதியில் தடித்த திரை, அல்லது கண்ணாடியில் ஒட்டிய அலுமினியத் தாள். கடினமாக்கிய கண்ணாடி தூளாகி, நடுவில் வண்ணத்துப்பூச்சி இறகு போன்ற இரு துண்டுகள் நின்றால், கண்ணாடி செய்யும்போதே உள்ளே கலந்துவிட்ட நிக்கல் சல்பைட் என்ற மாசுத் துகள் காரணமாயிருக்கலாம். துண்டுகளைக் கூட்டிக் கொட்டுமுன் படம் எடுங்கள்.

புதுக்குடியிருப்புத் தம்பி மறுபடியும்:

மிக்க நன்றி அண்ணா. சட்டகத்தின் அடியில் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. சிலிக்கன் வைத்து அடைக்கட்டுமா?

பதில்:

வேண்டாம் தம்பி! மழைநீர் வடிவதற்கென்றே வைத்த ஓட்டைகள் அவை. அடைத்தால் நீர் சட்டகத்துக்குள் தேங்கி, கண்ணாடியின் அடிப்பசையை ஊறவைத்துக் கெடுக்கும். அப்போது வீட்டுக்காரர் உங்கள் மேல் பழி போட உண்மையான காரணம் கிடைத்துவிடும். தூசு அடைத்திருந்தால் ஈர்க்கால் குத்தி விடுங்கள். குளிர் காற்று எங்கிருந்து வருகிறதென்று அறிய, யன்னலுக்கும் சட்டகத்துக்கும் இடையில் ஒரு தாளை வைத்துப் பூட்டி, தாளை இழுத்துப் பாருங்கள். இலகுவாக வழுகி வந்தால் அந்த இடத்தில் இறப்பர் தேய்ந்திருக்கிறது, அல்லது பூட்டு இறுக்கமில்லை. இரண்டும் வீட்டுக்காரர் செய்து தர வேண்டிய சின்ன வேலைகள். அதையும் அதே மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள்.