இடைநிலை 11.25-ஆ, 11.5-ஆ?

பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். மகள் தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பு, கேரளப் பாடத்திட்டம். மூன்று நாளாக ஒரே கணக்கில் நிற்கிறோம்.

45 வீடுகள் தினமும் ஊற்றும் பால், லிட்டரில். 0–5: 8 வீடு, 5–10: 12, 10–15: 10, 15–20: 9, 20–25: 6. இடைநிலை அளவு (median), அதாவது வீடுகளைப் பால் அளவுப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் வரும் அளவு, காண வேண்டும்.

பள்ளியில் சொல்லிக்கொடுத்தது இப்படி: நடுவில் வருவது 23-வது வீடு. முதல் இரண்டு பிரிவில் 20 போய்விட்டது, ஆக 10–15-இல் மூன்றாவது. அந்த 5 லிட்டரைப் பத்துத் துண்டாக்கினால் ஒரு துண்டு அரை லிட்டர். மூன்றாவது துண்டின் நடுப்புள்ளி 11.25.

பொள்ளாச்சியில் படிக்கும் அக்கா மகன் சூத்திரத்தில் போட்டான். 10 + (23 − 20) ÷ 10 × 5 = 11.5. அவன் அடித்துச் சொன்னதில் இவளுக்குத் தன் விடைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. (நான் படித்த காலத்துக் கணக்கு எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது.)

அப்புறம் 23-க்குப் பதில் 45-இல் பாதி, 22.5 போட்டுப் பார்த்தோம். 11.25 வந்தது. வீட்டு எண்ணிக்கையை 44, 46 என்று மாற்றியும் போட்டோம். பாதியைப் போட்டால் இரண்டு வழியும் ஒத்துப்போகிறது. விடை சரி என்று தெரிகிறது, காரணம்தான் பிடிபடவில்லை. "அரை வீடு எங்கேம்மா இருக்கு?" என்கிறாள்.

நடுவில் நிற்பது 23-வது வீடுதான் என்னும்போது, சூத்திரத்தில் 22.5 போடுவது ஏன் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி யாராவது சொல்ல முடியுமா?