திருப்புடைமருதூர் ஆற்றங்கரை வாட்டர்கலரில்: தண்ணீர் தார்ரோடு மாதிரி கிடக்கிறது, மீன்கொத்தி ஸ்டிக்கர் மாதிரி நிற்கிறது

பொருநைக்கரை கேட்டது:

வணக்கம். திருப்புடைமருதூர் பக்கத்துத் தாமிரபரணிக் கரையை வாட்டர்கலரில் வரைகிறேன். அரை ஷீட், 38×56 செ.மீ., 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பர், படுக்கைவாட்டில். பின்னால் பொதிகை மலை, நடுவில் எதிர்க்கரை மரக்கூட்டம், முன்னால் வலது பக்கம் தண்ணீர்மேல் சாய்ந்த ஒரு பெரிய நீர்மருது. காலை 7 மணி வெயில், இடப்பக்கத்திலிருந்து.

ஐந்து இடத்தில் இடிக்கிறது. தண்ணீர் தார்ரோடு போல் கிடக்கிறது. மரத்தின் பிம்பம் போட்டால் கண்ணாடியை நிறுத்திவைத்தது போல் ஆகிறது. மருதின் அடிமரம் சிமென்ட் தூணாகிவிடுகிறது. பச்சை முழுக்க பிளாஸ்டிக் பச்சை. கிளையில் வைத்த மீன்கொத்தி படத்தோடு ஒட்டவே இல்லை. இதெல்லாம் சரியானால் நடு ஆற்றுத் திட்டில் நீர்நாய்களும் வைக்க வேண்டும்.

கையில் இருக்கும் வண்ணங்கள்: அல்ட்ராமரின், தாலோ புளூ, லெமன் யெல்லோ, ரா சியன்னா, பர்ன்ட் சியன்னா, பெர்மனன்ட் ரோஸ், சாப் கிரீன், ஒரு ட்யூப் வெள்ளை கோவாஷ் (அடியை மறைக்கும் வண்ணம்). செல்போனில் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் வரைகிறேன்.

நீர்ப்பதம் எழுதியது:

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், அது சரியானால் பாதிப் படம் சரி.

தார்ரோடு ஆவதற்குக் காரணம், மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம், ஒரே அழுத்தம் (நிறத்தின் அடர்த்தி). கரையில் நின்று பாருங்கள். காலடியில் தண்ணீரைச் செங்குத்தாகப் பார்க்கிறோம், அதனால் வானம் அதில் அதிகம் தெரியாது. அடியில் கிடக்கும் மணலும் கூழாங்கல்லும் தெரியும். தூரம் போகப் போகப் பார்வை சரிகிறது, அடி மறைந்து வானமும் எதிர்க்கரையும் மேலே வந்துவிடுகின்றன. ஆக, படத்தின் கீழ் விளிம்பில் ரா சியன்னாவோடு கொஞ்சம் பர்ன்ட் சியன்னா, நடுவில் அது கரைந்துபோய் அல்ட்ராமரின், எதிர்க்கரையை ஒட்டி மரங்களின் அடர்நிறம். இந்த மாற்றம் ஒன்று வந்தாலே தண்ணீர் தண்ணீராகத் தெரியும். மழைக்காலத்துச் செந்நிற வெள்ளத்துக்கு இது பொருந்தாது. அப்போது அடி தெரியாது, ஆனால் மர நிழல் தண்ணீர்மேலேயே விழும். தெளிந்த தண்ணீரில் நிழல் அப்படி மேலே தங்காது.

அடுத்து பிம்பம். சாய்ந்த மரத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். மரம் இடப்பக்கம் சாய்ந்தால் பிம்பமும் இடப்பக்கமே சாயும். இரண்டும் சேர்ந்து, கவட்டையைப் பக்கவாட்டில் படுக்கவைத்த மாதிரி இருக்கும். மரத்தின் கோட்டை அப்படியே கீழே நேராக இழுத்துவிட்டால் கண்ணுக்கு உடனே இடறும். கிளையின் நுனியிலிருந்து நேர்கீழே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். நுனியின் பிம்பம் அந்தக் கோட்டில்தான் விழும், நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவோ அவ்வளவு கீழே. அளவைக் கரை விளிம்பிலிருந்து எடுக்காதீர்கள், நீர்மட்டத்திலிருந்து எடுங்கள். கரை உயரமாக இருந்து மரம் உள்ளே தள்ளி நின்றால், பிம்பத்தின் அடிப்பகுதியைக் கரையின் பிம்பமே மறைத்துவிடும். இன்னொன்று: நாம் மேலிருந்து பார்க்கிறோம், பிம்பமோ நீர்மட்டத்திலிருந்து பார்ப்பது. அதனால் கிளையின் அடிப்பக்கம் பிம்பத்தில் கூடுதலாகத் தெரியும். மரத்தைக் கவிழ்த்து டிரேஸ் எடுத்தால் கண்ணாடி போலத் தெரிவது இதனால்தான்.

அழுத்தம்: வெளிச்சமான பொருளின் பிம்பம் ஒரு படி இருளும், இருண்ட பொருளின் பிம்பம் ஒரு படி வெளிறும்.

இதைப் பேப்பரில் கொண்டுவருவது பதத்தைப் பொறுத்தது. தண்ணீர்ப் பகுதி முழுவதையும் சுத்தமான தண்ணீரால் நனையுங்கள். பேப்பரைச் சாய்த்துப் பார்த்தால் முதலில் பளபளப்பாக இருக்கும். வானத்தின் நிறத்தை டீ பதத்தில் அப்போதே விடுங்கள். பளபளப்பு மங்கத் தொடங்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் பிம்பத்தைத் தயிர் பதத்தில், மேலிருந்து கீழாக இழுங்கள். பிரஷ்ஷில் இருக்கும் ஈரம் பேப்பரின் ஈரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கூடினால் காலிஃபிளவர் போலக் கறை பூத்துவிடும். அப்போது தேய்க்காதீர்கள், காயவிட்டு ஈர பிரஷ்ஷால் விளிம்பை மட்டும் இளக்குங்கள். பிறகு ஒரு அங்குல ஃப்ளாட் பிரஷ்ஷை நனைத்துத் துணியில் நன்றாக ஒற்றி, பிம்பத்தின் குறுக்கே படுக்கைவாட்டில் ஒரே இழுப்பு. காற்று தொட்ட இடம் போல ஒரு வெளிச்சக் கீற்று கிடைக்கும். மொத்தப் படத்துக்கும் இரண்டு கீற்று போதும்.

தண்ணீர்ப் பகுதியில் தாலோ புளூ வேண்டவே வேண்டாம். பேப்பர் நாரில் கறைபோல் ஏறிவிடும், துடைத்தெடுக்க வராது. அல்ட்ராமரின் துடைத்தால் எழும்பிவரும்.

நம் ஊர்ச் சூட்டில் வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) பாதியிலேயே காய்ந்துவிடுகிறது. பேப்பரின் இருபுறமும் நனைத்து ஓர் அக்ரிலிக் பலகைமேல் படியவைத்தால் நெடுநேரம் ஈரம் நிற்கும். கலக்கும் தண்ணீரில் ஒரு டம்ளருக்கு நாலைந்து சொட்டு கிளிசரின் விடலாம். அதற்குமேல் போனால் படம் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். வாஷ்ஷில் திட்டுத்திட்டாகக் கறுத்து உறிஞ்சிய புள்ளிகள் வந்தால் கையைக் குறை சொல்லாதீர்கள். ஈரக்காற்றில் வைத்த பேப்பரின் பசைப்பூச்சு செத்திருக்கும், அந்தத் தாளைக் குறிப்பேட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

மருதநிழல் எழுதியது:

மரத்துக்கு வருகிறேன். ஊர்ப் பெயரிலேயே மருது இருக்கிறது, கோயிலின் தலமரமும் அதுவே. அதனால் படத்தில் நிற்பது மருதுதான் என்று பார்த்த உடனே தெரிய வேண்டும்.

சிமென்ட் தூண் ஆவது ஏனென்றால், வட்டத் தூணுக்குப் போடுகிற நிழலை இதற்குப் போடுகிறீர்கள். நீர்மருதின் அடி வட்டமே இல்லை. வேர்ப்பக்கம் சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக விரிந்து இறங்கும். நிழல் அந்த மடிப்புகளுக்குள் போகட்டும். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பக்கம் கூர்மையான விளிம்பு, மறுபக்கம் கரைந்த விளிம்பு. பட்டை வழவழப்பானது, சாம்பல் வெள்ளையில் லேசான ரோஜாச் சாயல், மெல்லிய தகடாக உரியும். முதல் பூச்சு ரா சியன்னா, டீயைவிட நீர்த்து. ஈரத்திலேயே இரண்டு மூன்று இடத்தில் ரோஸ் ஒரு பொட்டு. காய்ந்த பிறகு அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல், நிழற்பக்கத்துக்கு, கொஞ்சம் நீலம் தூக்கலாக. உரிந்த தகடுகளை ரிக்கர் பிரஷ்ஷால் (நீண்ட மெல்லிய முடி உள்ளது) ஏழெட்டு இடத்தில் மட்டும், தகட்டின் கீழ் விளிம்பை மட்டும் வரையுங்கள். மரம் முழுக்க வரைந்தால் முதலைத் தோல் ஆகிவிடும்.

தண்ணீர்மேல் சாய்ந்த மரத்தின் அடிப்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். காலை வெயில் ஆற்றில் பட்டுத் திரும்பி அங்கே ஏறும். நிழலுக்குள் ஒரு வெதுவெதுப்பான மஞ்சள் வெளிச்சம், அலை அசைய அதுவும் வலைபோல் அசையும். சாம்பல் ஈரமாக இருக்கும்போதே அடிவிளிம்பில் ரா சியன்னாவைத் தொட்டுவிட்டால் அது வந்துவிடும். மரத்தையும் ஆற்றையும் ஒன்றாகச் சேர்ப்பது அந்த ஒரு தொடல்தான். செல்போன் படத்தில் இது தெரியவே தெரியாது. கேமரா நிழலைக் கறுப்பாக்கிவிடும், மலையையும் சுருக்கிவிடும். மலைக்கு 2 மடங்கு ஜூம் வைத்துத் தனியாக ஒரு படம் எடுங்கள், நிழல்களின் நிறத்தை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்.

பச்சை: சாப் கிரீனை ட்யூபிலிருந்து அப்படியே வைக்காதீர்கள். வெயில் பட்ட இலைக்கு லெமன் யெல்லோ 3 பங்கு, அல்ட்ராமரின் 1 பங்கு, பர்ன்ட் சியன்னா பிரஷ் நுனியளவு. நிழல் இலைக்கு தாலோ புளூ 1 பங்கு, பர்ன்ட் சியன்னா 3, ரா சியன்னா 2. தாலோவை எப்போதும் கடைசியாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். முதலில் வைத்தால் மற்ற ட்யூபெல்லாம் அதைச் சமாளிப்பதிலேயே தீர்ந்துவிடும். எதிர்க்கரை மரங்களில் ரோஸ் ஒரு துளி சேர்த்து மங்கவைத்தால் பின்னால் போய்விடும். மருதின் கிளைகள் நுனியில் தாழ்ந்து தொங்கும், இலைக்கொத்துகளுக்கு நடுவே வானம் தெரியும். அந்த ஓட்டைகளை முதலிலேயே விட்டுவிடுங்கள். ஓட்டைக்குள் தெரியும் வானம் வெளிவானத்தைவிட ஒரு படி மங்கலாக இருந்தால்தான் பொருந்தும்.

எனக்கு முக்கியமாகப் படும் இன்னொரு சேதி. செல்போன் படத்தில் இருப்பதையெல்லாம் அப்படியே எடுத்துவைக்காதீர்கள். கரையில் இன்று நிற்பதில் சீமைக்கருவேலம், நெய்வேலிக் காட்டாமணக்கு, தண்ணீரில் ஆகாயத்தாமரை, மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஆற்றின் இன்றைய நிலையைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் வரையுங்கள், அதுவும் ஒரு நேர்மையான படம். இந்த ஆற்றின் சொந்தக் கரையை வரைய வேண்டுமென்றால் அந்த இடத்தில் நாணலும் சம்பும் வரட்டும். அகப்பொருள் இலக்கணத்தில் மருதத் திணையின் கருப்பொருளாக மருத மரமும் நீர்நாயும் நாரையும் ஒன்றாகவே வருகின்றன. உங்கள் படத்துக்குத் தேவையான சேர்க்கை அங்கேயே இருக்கிறது. சோலைமந்தி, பெரிய இருவாச்சி போன்றவற்றை அழகுக்காகச் சேர்க்காதீர்கள். அவை மேலே மலைக்காட்டில் இருப்பவை, இந்தக் கரைக்கு இறங்குவதில்லை.

சிரல் எழுதியது:

மீன்கொத்தி ஸ்டிக்கர் ஆவதற்கு முதல் காரணம் அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் படத்தில் மருதின் 6 மீட்டர் உயரம் 15 செ.மீ. பிடிக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் 1 மீட்டருக்கு 2.5 செ.மீ. வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. நீளம், பேப்பரில் 7 மி.மீ. சிறு மீன்கொத்தி 17 செ.மீ. தான், பேப்பரில் 4 மி.மீ. கொஞ்சம் கூடுதல். பெரும்பாலான படங்களில் இது 3 செ.மீ. இருக்கும், அதாவது கிளையில் கழுகு உட்கார்ந்திருக்கிறது. பறவை பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் அதைப் பெரிதாக்காதீர்கள்; அது உட்கார்ந்த கிளையைப் படத்தின் முன்னால் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது காரணம் நீலம். மீன்கொத்தியின் நீலம் சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறி வருவது. வெயில் பட்டால் எரியும், நிழலில் உட்கார்ந்தால் மங்கிப்போகும். நிழல் கிளையில் வைத்துவிட்டுப் பளீர் நீலம் அடித்தால் ஒட்டாது. வெயில் விழும் கிளையைத் தேர்ந்தெடுங்கள். அந்த 7 மி.மீ. இடத்தை மாஸ்கிங் ஃப்ளூயிடால் (காய்ந்தபின் உரித்தெடுக்கும் ரப்பர் திரவம்) முதலிலேயே காப்பாற்றுங்கள். பிரஷ்ஷைச் சோப்பில் தோய்த்து எடுத்துக்கொண்டால் ரப்பர் ஒட்டாது. படத்தை வெயிலில் காயவைக்க வேண்டாம், ஃப்ளூயிட் வெந்து பேப்பரைப் பிய்த்துக்கொண்டு வரும். ஓரிரு நாளுக்குள் உரித்துவிடுங்கள். வெறும் வெள்ளைப் பேப்பர்மேல் தாலோ புளூவை மெல்லியதாக ஒரே தடவை வைத்தால் போதும், பளிச்சென்று வரும். தலையும் வயிறும் பர்ன்ட் சியன்னா, தொண்டையும் மார்பும் பேப்பர் வெள்ளை. பறவையின் ஒரு பக்க விளிம்பையாவது பின்னணியோடு கரைத்துவிடுங்கள், சுற்றிலும் வெட்டினாற்போல் விளிம்பு இருந்தால் மறுபடியும் ஸ்டிக்கர்தான்.

திருப்புடைமருதூரில் 2005 முதல் பறவைகள் காப்பகமே இருக்கிறது, ஊர் மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. அதனால் மீன்கொத்தி ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பாறைமேல் இறக்கை விரித்துக் காயவைக்கும் பாம்புத்தாரா நல்ல இருண்ட வடிவம், தூரத்திலும் அடையாளம் தெரியும். மடையான் உட்கார்ந்திருக்கும்போது கரை நிறத்தோடு கரைந்துவிடும், எழும்பினால் இறக்கை வெள்ளை.

நீர்நாய்: நம் ஆறுகளில் கூட்டமாகத் திரியும் வழவழப்பு ரோம நீர்நாய் வால் உட்பட ஏறக்குறைய 1 மீட்டர். மேலே சொன்ன கணக்கில் மருதுக்குப் பக்கத்தில் நின்றால் 2.5 செ.மீ.; நடு ஆற்றுத் திட்டு இரண்டு மடங்கு தொலைவு என்றால் அதில் பாதி. கால் காது எல்லாம் அந்த அளவில் தேவையில்லை. உருண்ட தலை, தடித்த கழுத்து, அடியில் அகன்று நுனி குறுகும் வால், இந்த மூன்றும் வந்தால் நீர்நாய். ஈர முதுகில் ஒரு வெளிச்சக் கோடு. தண்ணீரில் நீந்துவதாக வைத்தால் தலை மட்டும், பின்னால் ஆப்பு மாதிரி விரியும் அலை.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கவட்டை விஷயமும் அளவுக் கணக்கும் இப்போதுதான் புரிகிறது. நாணல் பூவுக்கும் நீர்நாயின் முதுகுக் கோட்டுக்கும் வெள்ளை கோவாஷ் வைக்கலாமா?

நீர்ப்பதம்:

நான் வைக்க மாட்டேன். கோவாஷ் ஒளியை ஊடுருவ விடாது, பக்கத்துப் பேப்பர் வெள்ளையோடு சேர்ந்தால் சுண்ணாம்பு போலத் தெரியும். முதுகுக் கோட்டுக்குப் படம் முழுதாகக் காய்ந்த பிறகு பிளேடு நுனியால் ஒரே கீறல். ஈரமிருந்தால் நார் எழும்பிவிடும்.

மருதநிழல்:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைக்குளம் முழுவதும் சுதைமேல் மறைக்கும் வண்ணம்தான். பூவும் மீனும் யானையும் எருமையும் அதில் எவ்வளவு துலங்குகின்றன! இருண்ட கரைக்கு முன்னால் நிற்கும் நாணல் பூவைப் பேப்பர் வெள்ளையை விட்டு வரைந்தால் வெட்டி ஒட்டியது போல ஆகும். அதற்கு கோவாஷே நல்லது. வெறும் வெள்ளையாக வைக்காமல் ரா சியன்னா ஒரு துளி கலந்து, வறண்ட பிரஷ்ஷால் பூவின் வெயில் பக்கத்தை மட்டும் தொடுங்கள். தண்ணீரின் மினுக்கத்துக்கு மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே நீர்ப்பதம் சொல்வது சரி. எந்த முறையானாலும் பூவின் பின்னால் வரும் கரை முதலிலேயே இருண்டிருக்க வேண்டும். வாட்டர்கலர் காய்ந்தால் நன்றாக வெளிறும், ஈரத்தில் சரியாகத் தெரிவதைவிட ஒரு படி கூடுதலாகவே வையுங்கள்.